சென்னை முதல் உதகை வரை: ஒரு காரின் பெட்ரோல் கணக்கு

காரின் லாக் புக் என்பது, பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர் எண், போட்ட லிட்டர், கொடுத்த தொகை, அதுவரை ஓடிய சாலையின் தன்மை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வைக்கும் நோட்டு. தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு இது புதிதல்ல. அரசு ஜீப்பில் பயண விவரத்தையும் கிலோமீட்டரையும் எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கும் லாக் புக் எப்போதும் உண்டு. வாடகைக் கார்க்காரர் கையில் டிரிப் ஷீட் இருக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில் 'கே.எம்.பி.எல்.' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. ஒரு லிட்டர் டீசலில் பேருந்து எத்தனை கிலோமீட்டர் போனது என்பதன் சுருக்கம் அது. பிறர் வண்டியை ஓட்டுபவர்கள் எல்லாம் கணக்கு எழுதுகிறார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள்தான் எழுதுவதில்லை. 'என் வண்டி இருபது கொடுக்கும்' என்று நினைவிலிருந்து சொல்லும் மைலேஜ், பெரும்பாலும் அந்தக் காரின் மிக நல்ல நாள் ஒன்றின் மைலேஜ்.

லாக் புக் என்ன சொல்லும் என்பதைப் பார்க்கச் சென்னை–உதகை சாலையைவிடப் பொருத்தமான சாலை தமிழ்நாட்டில் இல்லை எனலாம். சுமார் 550 கிலோமீட்டரில் நகர நெரிசல், சமவெளி நான்கு வழிச்சாலை, பாலக்காட்டுக் கணவாயின் காற்று, மலையேற்றம், மலையிறக்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பெட்ரோலைத் தின்னும் காரணங்கள் மற்ற சாலைகளில் கலந்து கிடக்கும். இங்கே அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுத முடிகிறது.

பயணம் பெட்ரோல் பங்கில் தொடங்குகிறது. 'சார், ஜீரோ பார்த்துக்கோங்க' என்று ஊழியர் சொல்லும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: பங்க் மீட்டரின் ஜீரோ, டாஷ்போர்டில் டிரிப் மீட்டரின் ஜீரோ. டேங்க் ஃபுல் முறைதான் வீட்டில் செய்யக்கூடிய அளவீடுகளில் நம்பத்தக்கது. குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். ஓடிவிட்டு வந்து மறுபடி தானாக நிற்கும்வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஏறிய லிட்டர்தான் இடையில் ஓடிய தூரத்துக்குச் செலவானது. தூரத்தை லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஆயிரம் ரூபாய்க்கு, ஐநூறு ரூபாய்க்கு என்று போடும் பழக்கம்தான் இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. டேங்கில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பது தெரியாமல் போட்ட பெட்ரோலை வைத்து எதையும் வகுக்க முடியாது. நடுவில் ஒருமுறை தொகைக்குப் போட நேர்ந்தாலும் கணக்கு அழிந்துவிடாது. அந்த லிட்டரையும் எழுதி வைத்து, அடுத்த ஃபுல் வரை கூட்டிக்கொண்டால் போதும்.

குழாய் நிற்கும் புள்ளி பங்குக்குப் பங்கு சற்று மாறும். கார் நிற்கும் தரை சரிந்திருந்தாலும் மாறும். இந்த வேறுபாடு அரை லிட்டர் என்றால், பத்து லிட்டர் நிரப்பும்போது அது 5 சதவீதப் பிழை. முப்பது லிட்டர் நிரப்பும்போது 2 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் டேங்க் முக்கால்வாசி காலியான பிறகு நிரப்புவது நல்லது. முடிந்தால் ஒரே பங்கில், ஒரே பக்கத்தில் நிரப்புவது அதைவிட நல்லது. குழாய் நின்ற பிறகும் ரவுண்டாக வரட்டும் என்று கழுத்துவரை ஊற்றச் சொல்வது கணக்குக்கும் கேடு, காருக்கும் கேடு. பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டிக்குள் திரவப் பெட்ரோல் போய்விடும்.

பங்கின் அளவிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வேறுபாடு அனுமதி. அதிகாலையில் குளிர்ந்த பெட்ரோல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் விரிவது உண்மைதான். ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அதன் வெப்பநிலை காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறுவதில்லை.

புறப்படும் முன் எழுத வேண்டியவை இன்னும் இரண்டு: டயர் காற்று, சுமை. டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சில கிலோமீட்டர் ஓடியதும் சூட்டில் அழுத்தம் ஏறிவிடும். நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் செலவு 0.2 சதவீதம் கூடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. எண் சிறியதுதான். ஆனால் மாதக்கணக்கில் கவனிக்காத டயரில் ஏழெட்டு பிஎஸ்ஐ குறைந்திருப்பது அரிதல்ல. டயர் ஓரம் தேய்வதும் அதோடு சேர்ந்த நட்டம். கூரைமேல் கட்டும் பெட்டி இதைவிடப் பெரிய சங்கதி. மழுங்கிய முகப்புள்ள பெரிய கூரைப் பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும் என்று அதே துறை சொல்கிறது. பின் டிக்கியில் அடங்கும் சாமானைக் கூரையில் ஏற்றக் கூடாது. ஏற்றியே ஆக வேண்டும் என்றால் லாக் புக்கில் 'கேரியர்' என்று ஒரு சொல்லாவது எழுத வேண்டும். எழுதாவிட்டால், மூன்று மாதம் கழித்து அந்தக் குறைந்த மைலேஜைப் பார்த்து எஞ்சின்மேல் சந்தேகம் வரும்.

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் வழியாக நகரும் முதல் பகுதிதான் இந்தப் பயணத்தின் மிக மோசமான சமவெளி மைலேஜ். அதற்கு இரண்டு காரணங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் சில கிலோமீட்டருக்குக் கூடுதல் பெட்ரோல் குடிக்கும். நின்றபடி ஓடும் எஞ்சினோ தூரமே தராமல் குடிக்கும். சிறிய பெட்ரோல் கார் ஒன்று நின்ற இடத்தில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கிறது. ஏசி ஓடினால் மேல் எல்லையை ஒட்டி. பண்டிகைக்கு முந்தின மாலையில் பெருங்களத்தூரில் ஒரு மணி நேரம் ஊர்ந்தவர்கள், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பெட்ரோலை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதிகாலை நாலரைக்குப் புறப்படுவது வெயிலுக்காக மட்டும் சொல்லப்படும் யோசனை அல்ல. ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே சாலை. புறப்பட்ட நேரம் மட்டும் வேறு என்றால் அந்த வேறுபாடு நோட்டில் தெளிவாகத் தெரியும். அதனால் 'புறப்பட்ட நேரம்' என்ற பத்தியும் லாக் புக்கில் இருக்க வேண்டும்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைக் கடந்து பாலாற்றுப் பாலம் தாண்டியதும் சாலை நீள்கிறது. இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை ஓடோமீட்டரைச் சோதிப்பது. தேசிய நெடுஞ்சாலையின் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்கள் இதற்கு உதவுகின்றன. ஒரு கல்லில் டிரிப் மீட்டரை ஜீரோவாக்கி, இருபதாவது கல்லில் பார்க்க வேண்டும். 20.4 என்று காட்டினால் ஓடோமீட்டர் நூற்றுக்கு இரண்டு கூடுதலாகக் காட்டுகிறது. மைலேஜும் அதே அளவு பொய்யாகக் கூடித் தெரியும். டயர் தேயத் தேயச் சக்கரத்தின் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். ஓடோமீட்டரும் கூடுதலாக எண்ணும். டயரை மாற்றியதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருந்துவோரில் சிலருக்கு உண்மையில் மாறியது இந்த எண்ணிக்கைதான்.

மதுராந்தகம், திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் புறவழி, உளுந்தூர்பேட்டை. செங்கல்பட்டிலிருந்து இந்த 140 கிலோமீட்டர் அளவு தூரத்தில் மைலேஜைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: வேகம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது 25 சதவீதம். காற்றுத் தடை கூடுவது 56 சதவீதம். டயர் உருளும் தடை ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், சிறிய கார் ஒன்றுக்கு மொத்தத் தடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எஞ்சின் அதிகச் சுமையில் சற்றுத் திறமையாக இயங்குவதால் பெட்ரோல் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி ஏறிவிடும். இதற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? 140 கிலோமீட்டரை 80-ல் ஓட்டினால் 105 நிமிடம், 100-ல் ஓட்டினால் 84 நிமிடம். வித்தியாசம் 21 நிமிடம். விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு காபிக்கு நிறுத்தும் நேரம். நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை மத்திய அரசு 2018-ல் அனுமதி தந்தது. அது எல்லைதான், எட்டித்தான் ஆக வேண்டும் என்ற இலக்கு இல்லை.

ஒரே வேகத்தில் ஓட்டுவதும் வேகத்தைப் போலவே முக்கியம். உளுந்தூர்பேட்டையில் வலப்பக்கம் பிரியும் சேலம் சாலை இதைக் கற்றுக்கொடுக்கிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று ஊர்கள் வருகின்றன. வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் கூட வர, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஜவ்வரிசி ஆலைகள் தென்படுகின்றன. சாலை சந்திப்புகளும், குறுக்கே வரும் டிராக்டர்களும், வேகத்தடைகளும் உண்டு. 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் சுமார் 300 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை மிதித்து நின்றால் அது முழுவதும் பிரேக் வட்டில் சூடாகிப் போகிறது. மறுபடி 80-க்கு வர ஏறத்தாழ 40 மில்லி பெட்ரோல் தேவை. அதாவது, வேகத்திலிருந்து முழுதாக நின்று எழும்பும் இருபத்தைந்து தடவைக்கு ஒரு லிட்டர்.

ஆகவே பெட்ரோலை உண்மையில் எரிப்பது பிரேக் மிதி. ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதிக்கச் சொல்லும் அறிவுரையைவிட, பிரேக்கை மிதிக்க வேண்டியிராதபடி தூரத்தைப் பார்த்து ஓட்டச் சொல்லும் அறிவுரை பயனுள்ளது. அரை கிலோமீட்டர் முன்னால் வேகத்தடைப் பலகை தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிட வேண்டும். கார் கியரில் இருக்க, ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரில் இல்லையென்றால், இன்றைய எஞ்சினின் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடுகின்றன. அந்த அரை கிலோமீட்டர் இலவசம். நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

சுங்கச்சாவடிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு வரிசையில் ஊர்வது குறைந்திருக்கிறது. நின்று எழும்பும் 40 மில்லி மட்டும் மிச்சம்.

ஏசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மணிக்கணக்கில் செலவு வைக்கும் பொருள், கிலோமீட்டர் கணக்கில் அல்ல. அதனால் நகரத்தில் ஊரும்போது மைலேஜை நன்றாகக் கடிக்கிறது; நெடுஞ்சாலையில் சற்றே தொடுகிறது. 80-ல் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு ஏசியை நிறுத்துவதில் பெரிய லாபம் இல்லை. திறந்த ஜன்னலும் காற்றை இழுத்துப் பிடிக்கிறது. வெயிலில் நின்ற காரில் ஏறியதும் முதலில் கண்ணாடிகளை இறக்கி அனலை வெளியேற்றிவிட்டு, பிறகு ஏசி போடுவது நல்ல பழக்கம்.

சேலம் தாண்டிச் சங்ககிரி, குமாரபாளையம். காவிரிப் பாலத்தைக் கடந்து பெருந்துறையை நெருங்கும்போது, ஆடி மாதமாக இருந்தால், காரின் முகத்தில் வேறொரு கை விழுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்குநாட்டுக்குள் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றுக்காகத்தான். மேற்கு நோக்கிப் போகும் காருக்கு அது எதிர்க்காற்று. காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், 80-ல் போகும் கார் 100-ல் போகும் காரின் காற்றுத் தடையைச் சந்திக்கிறது. ஸ்பீடோமீட்டர் மாறவில்லை, ஓட்டுநர் மாறவில்லை, பெட்ரோல் மட்டும் கூடுகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். ஆனால் இழந்ததை முழுதாகத் திருப்பித் தராது. போகும்போது 56 சதவீதம் கூடிய தடை, வரும்போது 44 சதவீதம்தான் குறைகிறது. லாக் புக்கில் காற்றுக்கென்று ஓர் இடம் வேண்டும். 'எதிர்க்காற்று', 'காற்றில்லை' என்ற அளவில் எழுதினால் போதுமானது. அந்தச் சொல் இல்லாத நோட்டில் ஆனி, ஆடி மாதப் பயணங்கள் மட்டும் காரணமில்லாமல் மெலிந்து கிடக்கும்.

அவிநாசியில் கோவைச் சாலையை விட்டு அன்னூர் வழியாகத் திரும்பினால் மேட்டுப்பாளையம். இங்கே மறுபடி டேங்க் ஃபுல். அந்த ஊரில் பெட்ரோல் போடாமல் மலையேறினால் சமவெளிக் கணக்கும் மலைக் கணக்கும் ஒன்றாகக் கலந்து, இரண்டுமே பயனற்றுப் போகும். இதுவரை வந்த தூரத்தை ஏறிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பது காரின் நெடுஞ்சாலை மைலேஜ். இந்தப் பயணத்தின் மிக நம்பகமான எண் அதுதான்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். உதகை சுமார் 2,240 மீட்டர். இடையில் 52 கிலோமீட்டர் சாலை. கல்லாறு பாக்குத் தோப்புகளின் நிழல் முடிந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. பர்லியாறு, பிறகு குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். சாலை நூறு மீட்டருக்கு நான்கைந்து மீட்டர் ஏறுகிறது. பக்கத்தில் ஏறும் நீலகிரி மலை ரயிலுக்கோ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அதனால்தான் அதற்குப் பல்சக்கரத் தண்டவாளம்.

மலையேற்றத்தின் செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். 1,200 கிலோ எடையை 1,915 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 22.5 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். இது இயற்பியல் விதி. எந்த ஓட்டுநரின் சாமர்த்தியமும் இதைக் குறைக்காது. இன்று கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில் சுமார் 30 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால்வாசிதான் சக்கரம்வரை வந்து சேர்கிறது. மீதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போய்விடுகிறது. ஆக, லிட்டருக்கு ஏழரை மெகாஜூல். தூக்குவதற்கு மட்டும் மூன்று லிட்டர். 52 கிலோமீட்டர் உருளுவதற்கு இன்னொரு மூன்று லிட்டர். மொத்தம் ஆறு லிட்டர். மைலேஜ் லிட்டருக்கு 9 கிலோமீட்டருக்கும் கீழ். சமவெளியில் 17, 18 கொடுத்த கார் உதகையில் இப்படி ஓர் எண்ணைக் காட்டுவதைப் பார்த்து மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. கார் சரியாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு 100 கிலோவுக்கும் மலையேற்றத்தில் மட்டும் கால் லிட்டர் ஆகிறது. சமவெளியில் மறைந்துபோகும் சுமை மலையில் தன் கணக்கைக் கேட்கிறது. ஓட்டுநர் கையில் இருப்பது கியரும் ஒழுங்கும்தான். எஞ்சின் திணறும்வரை உயர்ந்த கியரில் இழுக்காமலும், அலறும்வரை தாழ்ந்த கியரில் விரட்டாமலும், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஒரே சீராக ஏற வேண்டும். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதியின் நியாயமும் லாக் புக்கில் தெரியும்: ஏற்றத்தில் நின்று எழும்ப ஆகும் செலவு இறங்குபவருக்கு இல்லை. நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அதை முன்பே எடுத்து வைத்திருந்தால் சோதனைச்சாவடியில் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்க வேண்டியதில்லை.

குன்னூர் தாண்டி அரவங்காடு, கேத்திப் பள்ளத்தாக்கு, பிறகு உதகை. குளிரில் டயர் காற்று குறைந்திருக்குமோ என்று பலர் பார்க்கிறார்கள். குளிர் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் மூன்றரை பிஎஸ்ஐ அளவு குறைவு. சமவெளியில் 35 டிகிரியில் 33 பிஎஸ்ஐ பிடித்த டயர், உதகையின் 10 டிகிரி விடியலில் ஏறத்தாழ அதே 33-ஐக் காட்டும். இரண்டும் ஈடாகிவிடுகின்றன. உதகையில் இருக்கும் நாட்களின் மைலேஜ் மோசமாக இருக்கும். குளிர்ந்த எஞ்சினோடு ஏரிக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடுவதுதான் காரணம். ஊருக்குள் நடந்தால் இந்த வரியே நோட்டில் வராது.

இறக்கத்தில் செய்யும் தவறுக்கு விலை பெட்ரோல் மட்டும் அல்ல. ஏறும்போது காருக்குள் சேர்ந்த 22.5 மெகாஜூலும் இறங்கும்போது வெளியேறியாக வேண்டும். எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ உருட்டினால், உருளும் தடையும் காற்றுத் தடையும் எடுத்துக்கொண்டது போக மீதியெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எஞ்சினை அணைத்திருந்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் மலைச் சாலைப் பலகைகள் உயிரைக் காக்க வைத்தவை. பெட்ரோலுக்கும் அவை சொல்வதே சரி: இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் இறங்கும் காரில் இன்ஜெக்டர்கள் மூடியே கிடக்கின்றன. மலையே எஞ்சினைச் சுற்றுகிறது. பாதுகாப்பும் சிக்கனமும் ஒரே கியரில் இருக்கும்போது நியூட்ரலுக்கு எந்த நியாயமும் இல்லை. கோடை சீசனில் ஏறுவோரைக் குன்னூர் வழியாகவும் இறங்குவோரைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது தூரம் மாறும் என்பதால் எந்த வழி என்பதையும் எழுத வேண்டும்.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் மறுபடி டேங்க் ஃபுல். உதகையிலிருந்து புறப்படும்போது நிரப்பியிருந்தால், இறக்கத்துக்கு ஒரு லிட்டர் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். 52 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். இவ்வளவு குறைந்த அளவில் குழாயின் பிழையே பெரிதாகிவிடும். அதைவிடப் பெரிய பிழை சராசரி எடுப்பதில் நேர்கிறது. ஏறும்போது 8.7, இறங்கும்போது 52. கூட்டி இரண்டால் வகுத்தால் 30 வருகிறது. உண்மையோ, 104 கிலோமீட்டருக்கு 7 லிட்டர். லிட்டருக்கு 15-க்கும் கீழ். மைலேஜ்களைச் சராசரி எடுக்கக் கூடாது. எப்போதும் தூரத்தைத் தூரத்தோடும் லிட்டரை லிட்டரோடும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒருமுறை வகுக்க வேண்டும். வாய்வழி மைலேஜ் கணக்குகள் பொய்யாகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றும் எழுதுவது நல்லது. 10-லிருந்து 12 ஆக உயர்ந்த கார் 100 கிலோமீட்டரில் 1.67 லிட்டர் மிச்சப்படுத்துகிறது. 20-லிருந்து 24 ஆக உயர்ந்த கார் மிச்சப்படுத்துவது 0.83 லிட்டர்தான். மைலேஜ் எண்ணைப் பார்த்தால் இரண்டாவது கார் வென்றது போலத் தெரியும். இந்தக் கண்மயக்கை லாரிக், சோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் எடுத்துக்காட்டினார்கள். லாக் புக்கைப் பொறுத்தவரை இதன் பொருள்: காரின் மோசமான ஓட்டத்தைத் திருத்துவதில்தான் பணம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் 20-ஐ 21 ஆக்குவதைவிட, அன்றாட அலுவலக ஓட்டத்தில் 10-ஐ 11 ஆக்குவது பல மடங்கு மேல்.

விற்பனைத் தாளில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜோடு நோட்டை ஒப்பிட்டு ஏமாறுவதும் தேவையில்லாதது. அது ஆய்வகத்தில் உருளைகள்மேல், வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்த எண். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது உதவும். பெருங்களத்தூரும் பர்லியாறும் அதில் இல்லை. டாஷ்போர்டு காட்டும் எண்ணோ இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை வைத்துக் கணிப்பது. பல கார்களில் அது சற்றுத் தாராளமாகவே காட்டும். அதையும் ஒரு பத்தியில் எழுதி வந்தால், டேங்க் ஃபுல் கணக்குக்கும் அதற்கும் உள்ள நிலையான இடைவெளி நாலைந்து முறைக்குள் தெரிந்துவிடும். பிறகு அது பயனுள்ள கருவி.

எத்தனால் கலப்பும் கணக்கில் வர வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 20 சதவீதக் கலப்பில், கலப்பில்லாத பெட்ரோலைவிட 6, 7 சதவீத ஆற்றல் குறைகிறது. பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் சில ஆண்டுகளுக்கு முந்தைய எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிடும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

ஓராண்டு எழுதிய நோட்டு காரின் உடல்நிலை அறிக்கையாகவும் ஆகிறது. ஒரே அலுவலகப் பாதையில், ஒரே பருவத்தில், மைலேஜ் மெல்ல மெல்ல இறங்கினால் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். திடீரென்று இறங்கினால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பயணம் முடிந்ததும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று பார்த்தால் தெரியும். எஞ்சின் சூடேற வழக்கத்தைவிட நேரமாகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றிருக்கலாம். சரிசெய்யும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். டயர் காற்று, ஆயில், வேகம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றியவருக்கு எது பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மூன்று டேங்க்காவது ஓட்டிப் பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம்.

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால் 750 லிட்டர் குடிக்கிறது. அதே கார் 18 கொடுத்தால் 667 லிட்டர். மிச்சம் 83 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 8,300 ரூபாய். தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கும் அது மிச்சம். லிட்டருக்கு 2.3 கிலோ கரியமில வாயு என்ற கணக்கில் காற்றில் கலக்காமல் போவது 190 கிலோ. இதற்கான முதலீடு ஒரு நோட்டும் பேனாவும். ஒவ்வொரு முறையும் முப்பது லிட்டர் நிரப்பினால் ஆண்டுக்கு இருபத்தைந்து வரி, அதாவது ஒரு பக்கம். நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காரில் வைத்தால், அந்தக் காரின் பதிவுச் சான்று செல்லும் 15 ஆண்டுகளுக்கும் அது போதும்.